சமயம் படிக்க வெளிநாடு போகலாமா? செட்டிநாட்டிலிருந்து யோசிப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ ஒரு பிள்ளை வீட்டில் வந்து, "வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சமயம் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால், முதலில் வரும் கேள்வி "படிச்சிட்டு என்ன செய்யப் போறே?" என்பதுதான். அப்பச்சி கேட்டாலும் பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்டாலும் அது நியாயமான கேள்வியே. முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, திரும்புவது எப்போது என்று கணக்கெழுதிவிட்டுக் கொண்டுவிற்கக் கப்பலேறிய பூமி இது. இந்தப் படிப்புக்கும் அப்படி ஓர் ஐந்தொகை (முதலும் கடனும் காட்டும் கணக்கு) போட்டுப் பார்க்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இங்கே இருந்துகொண்டு விடை தேட முடியாத ஒரு கேள்வி, அந்தக் கேள்வியில் உங்களை வழிநடத்தக்கூடிய ஓர் ஆசிரியர், செலவில் பெரும்பகுதியை ஏற்கும் ஒரு நிறுவனம் ஆகிய மூன்றும் இருந்தால் போகலாம். மூன்றாவது மட்டும் கிடைக்கவில்லை என்றால் ஓராண்டு பொறுத்து மறுபடி விண்ணப்பியுங்கள். முதலாவதே இல்லை என்றால் போக வேண்டாம். கேள்வி இல்லாமல் போனவர்கள் அங்கே நன்றாகவே படிக்கிறார்கள். ஆனால் படித்து முடித்த பின் கையில் ஒரு சான்றிதழும் தலையில் ஒரு கடனும்தான் மிஞ்சுகின்றன.

படி 1: எந்தப் படிப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்

"சமயம் படிப்பது" என்ற ஒரே பேரில் நான்கு வெவ்வேறு படிப்புகள் இருக்கின்றன. இதில் குழம்பி விண்ணப்பித்து நிராகரிக்கப்படுபவர்கள்தான் அதிகம்.

இறையியல் ஒரு சமயத்துக்கு உள்ளே நின்று கற்பது. ஜெர்மனியில் புராட்டஸ்டண்ட் இறையியலுக்கும் கத்தோலிக்க இறையியலுக்கும் தனித்தனிப் புலங்கள் உண்டு. அவை அந்தந்தத் திருச்சபை சார்ந்தவை. சைவ சித்தாந்தத்தை ஆராய விரும்பும் ஒருவர் அங்கே விண்ணப்பித்தால், தவறான கதவைத் தட்டுகிறார் என்று பொருள். அதே நாட்டில் 'ரிலிகியோன்ஸ்விஸ்ஸன்ஷாஃப்ட்' என்ற பெயரில் சமயவியல் தனியாக இருக்கிறது.

டிவினிட்டி ஸ்கூல் என்பது அமெரிக்க வழக்கு. போதகர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கப்பட்டவை இவை. ஹார்வர்டு டிவினிட்டி ஸ்கூல் 1816-இல் தோன்றியது. இன்று இந்து, பௌத்த, இஸ்லாமிய மாணவர்களும் அங்கே படிக்கிறார்கள். எம்.டி.எஸ். (மாஸ்டர் ஆஃப் தியலாஜிகல் ஸ்டடீஸ்) என்னும் ஈராண்டுப் பட்டம் ஆராய்ச்சி நோக்கியது. எம்.டிவ். (மாஸ்டர் ஆஃப் டிவினிட்டி) என்னும் மூன்றாண்டுப் பட்டம் சமயப் பணிக்கும், மருத்துவமனை, பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் ஆற்றுப்படுத்தும் பணிக்கும் உரியது. பெயர் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேலை வேறு.

சமயவியல், எந்தச் சமயத்தின் பக்கமும் நிற்காமல் வரலாறு, மொழி, சமூகம், சடங்கு என்று பல கோணங்களில் சமயத்தைப் பார்ப்பது. பிரிட்டனில் இதற்கென முதல் துறையை 1967-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நினியன் ஸ்மார்ட் தொடங்கினார். எடின்பரோ, லண்டனின் சோவாஸ், லைடன், டொராண்டோ, மெக்கில், கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா ஆகிய இடங்களிலும் இத்துறை வலுவாக இருக்கிறது.

நான்காவது, தெற்காசியவியல். பல நேரம் நம்மவர்களுக்குப் பொருத்தமான கதவு இதுதான், ஆனால் அவர்கள் தேடுவதில்லை. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. இராமானுஜன் பாடம் நடத்தியது சிகாகோவின் தெற்காசிய மொழிகள், நாகரிகங்கள் துறையில். ஜெர்மனியில் ஹைடெல்பெர்க்கின் தெற்காசிய நிறுவனம் 1962 முதல் இயங்குகிறது. தேவாரமோ திருவாய்மொழியோ உங்கள் விருப்பம் என்றால், தமிழை மூலமொழியாக வாசிக்கும் துறையில் சேர்வதே நல்லது. ஹார்வர்டில் திருவாய்மொழியைப் பற்றி எழுதிய பிரான்சிஸ் க்ளூனி ஒரு இயேசு சபைக் குரு. துறையின் பெயர்ப்பலகையைவிட ஆசிரியர் என்ன வாசிக்கிறார் என்பதைப் பாருங்கள்.

ஒரே பொருளை வெவ்வேறு துறையினர் எப்படிப் பார்ப்பார்கள் என்று சோதித்துப் பாருங்கள். குன்றக்குடியில் கூடிப் பழனிக்கு நடக்கும் நகரத்தார் காவடியை எடுத்துக்கொள்வோம். இறையியலார் முருகனின் அருளைப் பற்றிக் கேட்பார். சமயவியலார் நோன்பும் நடையும் சேர்ந்து உடலை என்ன செய்கின்றன என்று கேட்பார். மானிடவியலார் காவடி யார் தோளில், அன்னதானம் யார் செலவில், வழியில் எந்த ஊரார் என்ன முறை கொண்டாடுகிறார்கள் என்று கேட்பார். வரலாற்றாளர் செப்பேடும் கணக்கேடும் எங்கே என்பார். இவற்றில் எந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாது என்று தெரிந்தால் துறையும் தெரிந்துவிடும்.

படி 2: போவதற்கு முன் ஓராண்டு இங்கேயே படித்துப் பாருங்கள்

இந்தப் படிக்குத்தான் நீங்கள் அதிக நேரம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டு மாணவர் ஒருவர் ஐந்தாறு ஆண்டு தமிழ் கற்று, நல்கை வாங்கி, விசா எடுத்து வந்து பார்க்கும் பொருள் உங்கள் தெருவிலேயே இருக்கிறது. அதை ஓராண்டு ஒழுங்காகப் பார்த்து எழுதும் பொறுமை வரவில்லை என்றால், லண்டனில் போய் உட்கார்ந்தாலும் வராது. செலவில்லாமல் உங்களை நீங்களே சோதித்துக்கொள்ள இதைவிட வழி இல்லை.

எதை எடுக்கலாம்? சில வாய்ப்புகள்:

புரவி எடுப்பு, அதாவது அய்யனாருக்கு மண்குதிரை எடுக்கும் விழா. பக்கத்து ஊர் அய்யனாருக்குப் பிடிமண் (குதிரை செய்யத் தொடங்கக் கொடுக்கும் கைப்பிடி மண்) கொடுப்பதிலிருந்து குதிரை கோவில் சேர்வது வரை உடன் இருங்கள். பிடிமண்ணை யார் எடுத்துக் கொடுக்கிறார், குதிரை செய்யும் வேளார் எத்தனை நாள் விரதம், நாட்டார் கூட்டத்தில் என்ன முடிவாகிறது, முதல் மரியாதை யாருக்கு, எந்தக் கரைக்கு (ஊர்ப் பங்குப் பிரிவுக்கு) எந்தக் குதிரை என்று வரிசைப்படி எழுதுங்கள். இரண்டாவது ஆண்டும் பார்த்தால், முதல் ஆண்டு "வழக்கம்" என்று எழுதியதில் பாதி அந்த ஆண்டு நடந்த ஒரு சமரசம் என்று தெரியவரும். ஆராய்ச்சி என்பது பெரும்பாலும் இப்படித் தன் குறிப்பைத் தானே திருத்துவதுதான்.

கோவிலூர் மடம். வேதாந்தம் என்றாலே சம்ஸ்கிருதம் என்று உலகம் நினைத்துக்கொண்டிருக்க, தமிழ் நூல்களைக் கொண்டே வேதாந்தம் பாடம் சொன்ன மரபு காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. எந்த நூலுக்குப் பின் எந்த நூல் என்ற பாட வரிசை ஒன்றே பெரிய ஆய்வுப்பொருள். தெற்காசியவியல் துறை ஒன்றுக்கு எழுதும்போது இது போன்ற கேள்வி உடனே கவனம் பெறும்.

ஓரியூர். 1693-இல் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ என்னும் இயேசு சபைக் குரு) வெட்டப்பட்ட இடம். தேவகோட்டைப் பக்கத்திலிருந்து எல்லாச் சமயத்தாரும் போய் நேர்ந்துகொள்ளும் தலம். இது 'மத நல்லிணக்கம்' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். யார் எந்தக் காரணத்துக்காக வருகிறார்கள், நேர்த்திக்கடனை எப்படிச் செலுத்துகிறார்கள் என்று கேட்டு எழுதினால் அந்த ஒரு வரி உடைந்து, பல சுவையான உண்மைகள் வெளிவரும்.

கடல்கடந்த கோவில்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோவில் 1859-இல் நகரத்தார் கட்டியது. பினாங்கிலும் பர்மாவிலும் இன்னும் பல. வீட்டுப் பரணில் பர்மாக் காலத்துக் கடிதமோ கோவில் வரவு செலவுப் பேரேடோ இருந்தால் அது உங்கள் கையில் உள்ள மூல ஆவணம். இன்றைக்கே தூசி தட்டிப் படமெடுத்து வையுங்கள். கறையான் உங்கள் விசாவுக்குக் காத்திருக்காது.

குறிப்பு எழுதும் முறையையும் சொல்லிவிடுகிறோம். கண்ணால் கண்டது இடப்பக்கம், பிறர் சொன்னது வலப்பக்கம், உங்கள் எண்ணம் தனி நோட்டில். தேதி, இடம், சொன்னவரின் ஊர் கட்டாயம் இருக்க வேண்டும். முன்னோர்க்குப் படைக்கும் 'படைப்பு' போல பங்காளிகள் மட்டும் கூடும் நிகழ்ச்சியில் படமெடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில், மனிதர்களிடம் தகவல் திரட்டுவதற்கு ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி வேண்டும். எனவே இப்போது திரட்டுவதைப் பயிற்சியாகக் கருதுங்கள். பின்னாளைய ஆய்வேட்டில் அப்படியே பயன்படுத்த இயலாமல் போகலாம்.

நூலகத்துக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த தமிழ் அச்சு நூல்கள், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994-இல் சென்னையில் ஆய்வு நூலகமாக அமைந்தன. புதுச்சேரியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில் உள்ள சைவ ஆகமச் சுவடிகள், 2005-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றன. இரண்டு இடத்திலும் ஒரு வாரம் உட்கார்ந்து வாசியுங்கள். அங்கே வரும் வெளிநாட்டு ஆய்வாளர்களிடம் பேசினால், எந்த ஆசிரியரிடம் இடம் இருக்கிறது என்ற செய்தி இணையதளத்துக்கு முன்பே தெரிந்துவிடும்.

இந்த ஓராண்டில் மொழியையும் கூர்தீட்டுங்கள். பேசும் தமிழ் வேறு, உரையாசிரியர் தமிழ் வேறு, மணிப்பிரவாளம் வேறு. கிரந்த எழுத்து தினம் அரைமணி நேரம் பழகினால் சில வாரங்களில் கைக்கு வரும். சம்ஸ்கிருதம் அடிப்படை இலக்கணமாவது தெரிந்திருக்கட்டும். பிரிட்டனின் ஓராண்டு எம்.ஏ.வில் புதிதாக ஒரு மொழி தொடங்கினால் அகரவரிசை தாண்டுவதற்குள் ஆண்டு முடிந்துவிடும். அமெரிக்க பிஎச்.டி.யில் பிரெஞ்சு அல்லது ஜெர்மன் வாசிப்புத் தேர்வு வைப்பதுண்டு.

ஆண்டு முடிவில் 15 முதல் 20 பக்கத்தில் ஒரு கட்டுரை உங்கள் கையில் இருக்க வேண்டும். அதுவே பின்னால் விண்ணப்பத்துக்கான எழுத்து மாதிரியாகும். எழுத முடிந்ததா? மேலே போகலாம். எழுத உட்காரவே மனம் வரவில்லையா? அதுவும் ஒரு விடைதான். போய்வர ஆகியிருக்கும் ஐம்பது லட்சம் மிச்சம்.

படி 3: நம்பிக்கையோடு ஒரு பேச்சு

வீட்டில் யாரும் கேட்காத கேள்வி இது, ஆனால் அங்கே போனவர்களை முதல் பருவத்திலேயே தாக்குவது. நீங்கள் மனப்பாடமாக ஓதும் பதிகத்தை வகுப்பில் ஒருவர் அரசியல் ஆவணமாக வாசிப்பார். தலபுராணம் எப்போது, யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்பார்கள். திருநீறு பூசியதற்காக யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் "என் அனுபவத்தில் இது உண்மை" என்று கட்டுரையில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது. அதற்கு நேர்மாறாக, இறைமறுப்பாளராகப் போகிறவருக்கும் சிக்கல் உண்டு. "எல்லாம் ஏமாற்று" என்று எழுதினாலும் அதே கதிதான்.

இதைத் தாங்க முடியுமா என்பதை ஒரு சிறு பயிற்சியில் அறியலாம். உங்கள் குலதெய்வத்தைப் பற்றி, அந்தச் சமயமே அறியாத ஒருவருக்கு, புகழாமலும் இகழாமலும் இரண்டு பக்கம் எழுதுங்கள். பிறகு உங்களுக்குப் பிடிக்காத ஒரு வழிபாட்டைப் பற்றி அதே நியாயத்தோடு இரண்டு பக்கம். இரண்டாவதை எழுதும்போது கை தடுமாறினால் பயப்பட வேண்டாம், இன்னொரு முறை எழுதுங்கள். முதலாவதை எழுதும்போது பாவம் செய்வதுபோல உறுத்தினால், உங்களுக்கு உகந்தது மடத்திலோ ஓதுவார் பயிற்சிப் பள்ளியிலோ இறையியல் கல்லூரியிலோ கற்பதுதான். அது இதற்குத் தாழ்ந்த படிப்பு அல்ல, வேறு படிப்பு.

படி 4: ஐந்தொகை

இப்போது கணக்கு. பிரிட்டனில் சமயவியல் எம்.ஏ.வுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம் பெரும்பாலும் 20,000 முதல் 30,000 பவுண்டு. ஆக்ஸ்ஃபோர்டு போன்ற இடங்களில் அதையும் தாண்டும். நடுவாக 25,000 என்று வைப்போம். லண்டனில் வாழ்க்கைச் செலவுக்கு விசா விதி 2025 நவம்பர் முதல் மாதம் 1,529 பவுண்டு கணக்கிடுகிறது. 12 மாதத்துக்கு 18,348. மருத்துவக் கூடுதல் கட்டணம் 1,164. மொத்தம் 44,512 பவுண்டு. ஒரு பவுண்டு 115 ரூபாய் என்றால் ஏறக்குறைய 51 லட்சம் ரூபாய். விமானச் சீட்டும் விசாக் கட்டணமும் இதில் சேரவில்லை.

இதில் 50 லட்சத்தை 10 சதவீத வட்டியில் கடன் வாங்கினால், தவணை தொடங்கும் முன்பே இரண்டாண்டில் 10 லட்சம் வட்டி ஏறியிருக்கும். அந்த வட்டியை இடையிலேயே கட்டிவிட்டாலும், பத்தாண்டுக் கடனுக்கு மாதத் தவணை 66,000 ரூபாய். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் ஊதியம் மாதம் 25,000 ரூபாய் அளவில் இருக்கிறது. இந்த இரண்டு எண்ணையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். கணினி படிப்பவருக்குப் பொருந்தும் கடன் கணக்கு சமயம் படிப்பவருக்குப் பொருந்தாது. முழுக் கடனில் இந்தப் படிப்புக்குப் போகாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறோம்.

வீட்டை அடமானம் வைக்கலாமே என்று தோன்றும். 7.5 லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு அரசு வங்கிகள் பொதுவாகச் சொத்து ஈடு கேட்கின்றன. செட்டிநாட்டுப் பெரிய வீடு எத்தனை கோடி பெறும் என்றாலும் பத்துப் பதினைந்து புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, அதில் பங்கு. ஒருவர் பங்கு எந்த அறை என்றே பிரித்துக் காட்ட முடியாது. பங்காளிகள் அத்தனை பேரும் கையெழுத்திடாமல் வங்கி ஏற்காது. ஈடாக வைக்கத் தனிப் பட்டா உள்ள மனையோ வைப்புத்தொகையோ இருக்கிறதா என்று ஓராண்டு முன்பே பாருங்கள். பி.எம். வித்யாலட்சுமி திட்டம் உள்நாட்டுக் கல்லூரிகளுக்கானது. அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

பிரிட்டன் விசாவில் இன்னொரு பொறி. காட்டும் பணம் உங்கள் கணக்கிலோ பெற்றோர் கணக்கிலோ தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பாவின் கணக்கு செல்லாது. பெட்டகத்து நகையும் நிலப்பத்திரமும் செல்லாது. ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் விண்ணப்பம் தள்ளுபடியாகும். அமெரிக்காவில் உறவினர் உறுதிப்பத்திரம் கொடுத்துப் பொறுப்பேற்கலாம்.

ஜெர்மனி மலிவு. பெரும்பாலான மாநிலங்களில் கல்விக் கட்டணம் இல்லை. ஹைடெல்பெர்க், டியூபிங்கன் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பெர்க்கில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும், பிஎச்.டி. மாணவருக்கு அது இல்லை. வாழ்க்கைச் செலவுக்கென முடக்கக் கணக்கில் (மாதந்தோறும் வரம்புக்குள் மட்டும் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ போட்டு வைக்க வேண்டும். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்று (கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது) கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய், கைக்கு வர நாளாகும். சமயவியல் எம்.ஏ. வகுப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடப்பவை. ஆங்கில வழி வகுப்பா என்று பார்க்காமல் ஏ.பி.எஸ்.ஸுக்குப் பணம் கட்டிவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

கையிலிருந்து செலவில்லாமல் படிக்க முதன்மையான வழி அமெரிக்க பிஎச்.டி. நல்ல பல்கலைக்கழகங்களில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, மருத்துவக் காப்பீடு, ஐந்தாண்டுக்கு உதவித்தொகை. பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அது ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல். உதவித்தொகை இல்லாமல் சமயத்தில் பிஎச்.டி. இடம் கொடுத்தால் அதை ஏற்க வேண்டாம். ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்: 2025-இல் அமெரிக்காவின் சில பெரிய பல்கலைக்கழகங்கள் கலைப்புல பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன, சில துறைகள் நிறுத்தியே வைத்தன. எனவே அந்த ஆண்டு சேர்க்கை உண்டா என்று துறையிடம் எழுதிக் கேட்ட பிறகே விண்ணப்பக் கட்டணம் கட்டுங்கள்.

உதவித்தொகைகளில்: ஃபெலிக்ஸ் உதவித்தொகை இந்தியர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, சோவாஸ், ரெடிங் ஆகிய இடங்களில் கிடைப்பது. இன்லாக்ஸ், காமன்வெல்த், ஜெர்மனியின் டாட் (DAAD) ஆகியவற்றையும் பாருங்கள். பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டாண்டு வேலை அனுபவம் வேண்டும். முடித்ததும் இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும். ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸ் உதவித்தொகைக்குத் தனிப் பாடப் பட்டியல் உண்டு, அதைப் படித்துவிட்டு இறங்குங்கள். நகரத்தார் சங்கங்களும் ஊர் அறக்கட்டளைகளும் தரும் கல்வி உதவி சிறியதுதான், ஆனால் தேர்வுக் கட்டணத்துக்கும் விமானச் சீட்டுக்கும் கைகொடுக்கும்.

ஆதிதிராவிட மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று. மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை விதிகள் 2022-இல் மாற்றப்பட்டு, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு ஆகியவை தகுதியற்ற பொருள்கள் ஆக்கப்பட்டன. அய்யனார் வழிபாட்டையோ சாதியும் சமயமும் என்பதையோ ஆராயப் போகிறவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கிறது. இது பெரும் அநீதி என்றே நாங்கள் நினைக்கிறோம்; தன் ஊரைப் பற்றித் தானே ஆராயும் உரிமை முதலில் யாருக்கு இருக்க வேண்டுமோ அவர்களுக்குத்தான் மறுக்கப்படுகிறது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் தனியானது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் அந்த ஆண்டுக்கான விதிகளை வாங்கிப் படியுங்கள்.

படி 5: ஆசிரியருக்கு எழுதும் கடிதம்

பிஎச்.டி.க்கு இது உயிர்நாடி, எம்.ஏ.வுக்கும் பயன் உண்டு. அவர் எழுதிய ஒரு கட்டுரையையாவது முழுதாக வாசித்த பின் எழுதுங்கள். 200 சொல் போதும். நீங்கள் யார் என்று ஒரு வரி. உங்கள் கேள்வி இரண்டு வரி. கைவசம் உள்ள மூலங்கள் எவை, எந்த மொழிகளை எந்த அளவு வாசிப்பீர்கள் என்று இரண்டு வரி. அவருடைய ஆய்வோடு உங்கள் கேள்வி எங்கே தொடுகிறது என்று ஒரு வரி. கடைசியில் "அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா?" என்று ஒரே ஒரு வினா.

"மதிப்பிற்குரிய மாமேதை அவர்களே" என்ற தொனி வேண்டாம். முப்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாதீர்கள், அது தெரிந்துவிடும். "இந்து சமயத்தின் பெருமையை உலகுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்" என்று எழுதினால் பதில் வராது. அது கேள்வி அல்ல, பிரசாரம். மூன்று வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டலாம். அதற்கு மேல் வேண்டாம். அவருடைய வயதையும் பாருங்கள்; ஓய்வுபெறும் நிலையில் உள்ளவர் புதிய மாணவரை எடுப்பது அரிது.

படி 6: விண்ணப்பத் தாள்கள்

பரிந்துரைக் கடிதம் மூன்று. நம் கல்லூரிகளில் பெரும்பாலும் "நல்லொழுக்கமும் நேரந்தவறாமையும் உள்ள மாணவர்" என்று அரைப் பக்கம் எழுதித் தருகிறார்கள். அது தீங்கே செய்யும். ஆசிரியரிடம் உங்கள் கட்டுரையைக் கொடுத்து, அதில் எது புதிது, எது குறை, வகுப்பில் எந்த வாதத்தில் எப்படி நின்றீர்கள் என்று எழுதித் தருமாறு மரியாதையோடு கேளுங்கள். குறைந்தது ஆறு வாரம் அவகாசம் கொடுங்கள். கடிதத்தை அவர் தன் அலுவலக மின்னஞ்சலிலிருந்தே ஏற்ற வேண்டும்.

மூன்றாண்டு பி.ஏ. மட்டும் படித்தவர்களைச் சில அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நேரடியாக எடுப்பதில்லை. பதினாறாண்டுக் கல்வி கேட்கும். இங்கே ஒரு எம்.ஏ. முடித்துவிட்டுப் போனால் அந்தத் தடை நீங்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம் ஆகியவற்றுக்குத் தனித் துறைகள் இருக்கின்றன. நாளந்தாவிலும் பட்டியாலாவின் பஞ்சாபிப் பல்கலைக்கழகத்திலும் சமய ஒப்பாய்வு படிக்கலாம். எங்கள் கருத்தில், பெரும்பாலானவர்களுக்கு இங்கே எம்.ஏ., அங்கே உதவித்தொகையோடு பிஎச்.டி. என்பதே கடனில்லாத வழி.

பேரைக் கண்டு ஏமாறாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு இந்து ஆய்வு மையம் 1997 முதல் நல்ல பணி செய்துவருகிறது. அதன் இணையவழி வகுப்புகள் தரமானவை, தொடக்கத்துக்கு நாங்களே பரிந்துரைப்போம். ஆனால் அந்த வகுப்பை முடிப்பது ஆக்ஸ்ஃபோர்டு பட்டம் ஆகாது. இன்னொரு பக்கம், பணம் கட்டினால் 'இந்துத் தத்துவத்தில் டாக்டர்' பட்டம் தரும் கடைகள் இருக்கின்றன. ஜெர்மனி என்றால் அனாபின் பட்டியல், அமெரிக்கா என்றால் அங்கீகார அமைப்பின் பட்டியல், பிரிட்டன் என்றால் பட்டம் வழங்கும் அதிகாரம் பெற்றவற்றின் அரசுப் பட்டியல் ஆகியவற்றில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் அனுப்புங்கள்.

படி 7: திரும்பி வந்தால் என்ன மதிப்பு?

வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச்சான்று வழங்க 2025 ஏப்ரலில் யுஜிசி புதிய விதிகளை வெளியிட்டது. ஃபிரான்சைஸ் முறையில் நடத்தப்படும் படிப்புக்கு அங்கீகாரம் இல்லை. பிரிட்டனின் ஓராண்டு எம்.ஏ.வை ஏற்க 2022 ஜூலையில் இரு நாடும் உடன்பாடு செய்துள்ளன. நெட் தேர்வில் 'சமயங்களின் ஒப்பாய்வு' தனிப் பாடமாகவே இருக்கிறது, குறியீடு 62. யுஜிசியின் 2018 விதிகளின்படி, உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. பெற்றவர் நெட் இல்லாமலே உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி பெறுவார். ஆனால் இந்தப் பாடத்துக்குத் துறைகளே குறைவு. அதனால் தமிழ், வரலாறு, தத்துவம், மானிடவியல் ஆகியவற்றில் ஒன்றையாவது உங்கள் எம்.ஏ. தொட்டிருக்கட்டும்.

அறநிலையத் துறைச் செயல் அலுவலர் பதவிக்கு டி.என்.பி.எஸ்.சி. தேர்வுதான் வழி, அதற்கு வெளிநாட்டுப் பட்டம் தேவையும் இல்லை, சலுகையும் இல்லை. சுவடி நூலகம், அருங்காட்சியகம், பதிப்புத் துறை, மரபு சார்ந்த சுற்றுலா, இதழியல் ஆகியவற்றில் வாய்ப்பு உண்டு, ஊதியம் மிதமானது. அங்கேயே தங்கலாம் என்றால்: அமெரிக்காவில் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி 12 மாதம்தான், அறிவியல் மாணவருக்குள்ள 24 மாத நீட்டிப்பு சமயத்துக்கு இல்லை. பிரிட்டனில் எம்.ஏ. முடித்தவர்க்கு இரண்டாண்டு, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்க்கு 18 மாதம். துணைவரை உடன் அழைத்துச் செல்லும் வாய்ப்பு பயிற்றுவழி எம்.ஏ.வுக்கு 2024 ஜனவரியிலிருந்து இல்லை. மணமானவர்கள் இதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

படி 8: நாட்காட்டி

செப்டம்பரில் சேர வேண்டுமென்றால் அதற்கு 18 மாதம் முன்பு தொடங்குங்கள். முந்திய ஆண்டு மார்ச்சில் கட்டுரையின் முதல் வரைவு. ஜூன், ஜூலையில் ஆங்கிலத் தேர்வு. ஐஇஎல்டிஎஸ் 7 அல்லது 7.5 இலக்கு வையுங்கள், எழுத்துப் பகுதியில்தான் நம்மவர்களுக்கு மதிப்பெண் குறைகிறது. அதே மாதங்களில் பல்கலைக்கழகத்தில் மதிப்பெண் பிரதிக்கு மனுக் கொடுங்கள். பட்டச் சான்றிதழ் வாங்காமல் இருந்தால் அதையும் சேர்த்து. ஆகஸ்டில் ஆசிரியர்களுக்குக் கடிதம். செவனிங் ஆகஸ்டில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடிவிடும். அமெரிக்க பிஎச்.டி. கெடு டிசம்பர், டிவினிட்டி ஸ்கூல்களும் ஆக்ஸ்ஃபோர்டும் டிசம்பர், ஜனவரி. ஆறு இடத்துக்கு மேல் விண்ணப்பிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நோக்க அறிக்கையை அந்தத் துறைக்கென்று திருத்தி எழுத அதற்கு மேல் நேரம் இருக்காது.

மார்ச்சில் பதில்கள் வரத் தொடங்கும். அமெரிக்காவின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில், உதவித்தொகையோடு வந்த இடத்துக்கு ஏப்ரல் 15 வரை விடை சொல்ல அவகாசம் தரும் பொது உடன்பாடு உண்டு. அதற்கு முன் நெருக்கினால் அந்த உடன்பாட்டைச் சுட்டிக்காட்டிப் பணிவாக மறுக்கலாம். இடம் கிடைத்துப் பணம் கிடைக்காவிட்டால், சேர்க்கையை ஓராண்டு ஒத்திவைக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். பல துறைகள் ஒப்புக்கொள்ளும். பிரிட்டனுக்கு என்றால் காசநோய்ப் பரிசோதனைச் சான்றை விசாவுக்கு முன் எடுக்க வேண்டும், ஆறு மாதம் செல்லும். வங்கிவழிக் கல்விக் கடன் பணத்துக்கு டி.சி.எஸ். (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதே பிடிக்கும் வரி) பிடிப்பதில்லை, சொந்தப் பணம் ஆண்டுக்கு 10 லட்சத்தைத் தாண்டினால் பிடிப்பார்கள், வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பக் கேட்டுப் பெறலாம். புறப்படும் முன் கள நோட்டுகளையும் பேரேட்டுப் படங்களையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.